அடுப்படியிலிருந்து அட்லஸ் வரை



பரீட்சை பேப்பர் திருத்தி வீட்டுக்கு வரும் சமயத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சோஷியல்ல மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கான். இந்த மேப்தான் காலை வாரிவிட்டுது!" கொல்கத்தாவைக் கொண்டுபோய் நடுக்கடலில் வைத்திருப்பான். நர்மதை கிழக்கே பார்த்து ஓடியிருக்கும். "நீயாவது சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று அப்பா கேட்டால், "எனக்கே மேப் வராது, நான் எங்கே சொல்லிக் குடுக்கிறது?" என்று அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அந்த அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கலாம், வாருங்கள்.

ராத்திரி திடீரென்று கரண்ட் போய்விடுகிறது. கண்ணைக் கட்டினாற்போல இருட்டு. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எதிலும் இடித்துக்கொள்ளாமல் நேரே போய், இரண்டாவது தட்டில் கை வைத்துத் தீப்பெட்டியை எடுத்துவிடுகிறீர்கள். எப்படி முடிந்தது? உங்கள் மனசுக்குள் அடுப்படியின் மேப் இருக்கிறது! பிளவுஸுக்குப் பேப்பர் கட்டிங் போடும்போது அளவைக் கால் பங்காகக் குறைத்து வரைகிறீர்களே, அது மேப்காரர்கள் சொல்லும் ஸ்கேல். வாசலில் புள்ளி வைத்து, வரிசை பிசகாமல் கோலத்தை இழுக்கிறீர்களே, அட்ச ரேகையும் தீர்க்க ரேகையும் அதே வித்தைதான். ஆகையால் "எனக்கு மேப் வராது" என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். உங்களுக்கு வரும். பேர்தான் தெரியவில்லை.

குழந்தைகளுக்கும் இதே கதைதான். எடுத்த எடுப்பில் இந்தியா மேப்பைக் கையில் கொடுத்து, "இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு கோடு" என்று நெட்டுருப் போட வைக்கிறோம். மேப் என்பது ஒரு இடத்தை மேலேயிருந்து பார்த்துச் சின்னதாக்கி வரைந்தது என்கிற அடிப்படை புரியாத பிள்ளைக்கு, இந்தியாவும் ஒன்றுதான், சுவரில் ஊறின ஈரத் திட்டும் ஒன்றுதான்.

பருந்து பார்ப்பது போல

நாலைந்து வயசுக் குழந்தையிடம் ஒரு டம்ளரைத் தரையில் வைத்து, "நீ நின்னுக்கிட்டு, நேரா மேலேருந்து பாரு. என்ன மாதிரி தெரியுது?" என்று கேளுங்கள். முதலில் டம்ளர் மாதிரிதான் என்று சொல்லும். இன்னொரு தரம் பார்க்கச் சொன்னால், "வட்டமா இருக்கும்மா!" என்று ஆச்சரியப்படும். தட்டு, கரண்டி, செருப்பு, தீப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டி வரையச் சொல்லுங்கள். மேலேயிருந்து பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

அடுத்தது ஒரு விளையாட்டு. காலி சோப்பு டப்பா, மருந்து டப்பா, தீப்பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை விரித்து, அதன்மேல் டப்பாக்களை வைத்து ஒரு தெருவே கட்டச் சொல்லுங்கள். "இது நம்ம வீடு, இது பாட்டி வீடு, இது பால் பூத்." கட்டி முடித்ததும் ஒவ்வொரு டப்பாவையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு டப்பாக்களை எடுத்துவிடுங்கள். தாளில் மிச்சம் இருப்பது என்ன? மேப்! தன் கையாலேயே ஒன்று செய்துவிட்ட பிள்ளைக்கு அப்புறம் மேப் என்றால் பயம் இருக்காது.

மேலே என்றால் எது?

திசையில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷக் குழப்பம் உண்டு. மேப்பில் மேல்புறம் வடக்கு, கீழ்ப்புறம் தெற்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நம்முடைய பேச்சிலோ மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேலத் தெரு, கீழத் தெரு, மேல வீதி, கீழ வீதி என்று ஊர் ஊராக இருக்கிறதல்லவா? பாவம், அந்தக் குழந்தை எந்த "மேலே"யை நம்பும்?

இதைத் திட்டித் திருத்த வேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கள். நம் நாட்டில் மேற்கே மலை. அது உயரம், அதாவது மேல். கிழக்கே கடல்; அது தாழ்வு, அதாவது கீழ். மேற்கு, கிழக்கு என்ற சொற்களுக்குள்ளேயே மேலும் கீழும் ஒளிந்திருக்கின்றன. காவிரி, வைகை, தாமிரபரணி, பாலாறு எல்லாம் ஏன் கிழக்கே ஓடிக் கடலில் விழுகின்றன என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது! நம் பேச்சில் மேல், கீழ் என்பது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்கிறது. மேப்பில் வடக்கை மேல்புறம் வைப்பது வெறும் ஏற்பாடு, எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதற்காக. இதைப் பிள்ளைக்குத் தெளிவாக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மதுரைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ரொம்ப சுலபம். மீனாட்சி அம்மன் கோயிலைத் தாளின் நடுவில் ஒரு சதுரமாகப் போடுங்கள். அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நாலு பக்கம். வைகை வடக்கே ஓடுகிறது. ரயில்வே ஜங்ஷன் மேல வெளி வீதியில். பெயரைக் கேட்டாலே திசை தெரிந்துவிடும் ஊர் அது! உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றி நாலு வீதி இருந்தால் அதுவே போதும், பிள்ளைக்கு முதல் பாடம்.

சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கைப்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் தெற்கு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. சரியான கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 இந்தத் தேதிகளை ஒட்டித்தான். மார்கழியில் நன்றாகத் தெற்கே தள்ளியும், ஆனியில் வடக்கே தள்ளியும் உதிக்கும். காலை வெயில் ஜன்னல் வழியாக விழும் இடத்தைச் சுவரில் மாசம் ஒரு தரம் சாக்பீஸால் குறித்து வரச் சொல்லுங்கள். தட்சிணாயனம், உத்தராயணம் என்று பாட்டி சொல்வதைக் குழந்தை கண்ணால் பார்த்துவிடும்.

நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று சில கைடுகளில் இருக்கும். டெல்லிப் பிள்ளைக்கு அது வருஷம் முழுக்கச் சரி. சென்னைப் பிள்ளைக்குச் சித்திரை இரண்டாவது வாரத்திலிருந்து ஆவணி பிறக்கும் வரை நிழல் தெற்கே விழும்! நடுவே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். மொட்டை மாடியில் பகல் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

ஓர் அடிக்கு ஒரு கட்டம்

கணக்குக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு இருக்கிறதே, அதில் ஒரு பக்கம் கிழித்துக் கொள்ளுங்கள். தையல் டேப்பால் கூடத்தை அளக்கச் சொல்லுங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம் என்று வந்தால், 12 கட்டம், 10 கட்டம். கட்டில் 6 அடி என்றால் 6 கட்டம். இப்படி ஒவ்வொரு அறையாக வரைந்தால் வீட்டின் பிளான் வந்துவிடும். "ஓர் அடி = ஒரு கட்டம்" என்று கீழே எழுதச் சொல்லுங்கள். அட்லஸில் ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள், அடிக்குப் பதில் கிலோமீட்டராக.

அளப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியா முழுவதையும் ஒழுங்காக அளந்து மேப் போட்ட பெரிய வேலைக்கு ஆரம்பக் கோடு போட்ட இடம் நம் பரங்கிமலைப் பக்கம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, நூறு அடி நீள எஃகுச் சங்கிலியை வைத்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோட்டை அளந்தார். அதற்கே 57 நாள் ஆயிற்று! அந்தக் கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய்க்கொண்டே இருந்தார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இமயமலை வரை போய், எவரெஸ்ட்தான் உலகத்திலேயே உயரமான சிகரம் என்று 1856இல் அறிவித்தார்கள். கூடத்தை அளக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டேப்பைப் பிடிக்கும் கையில் தனிப் பொறுமை வரும்.

அட்லஸில் தூரம் பார்க்க ஒரு நூல் துண்டு போதும். காவிரி பிறக்கும் குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றின் வளைவுகளோடு நூலை வைத்து, பிறகு நூலை நிமிர்த்தி ஸ்கேலில் அளக்க வேண்டும். 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்று போட்டிருந்தால் பெருக்கச் சொல்லுங்கள். காவிரியின் நீளம் சுமார் 800 கிலோமீட்டர். நூலில் வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏன் தெரியுமா? சின்னச் சின்ன வளைவுகளை மேப்பில் காட்ட முடியாது, அவற்றை விட்டுவிடுவார்கள்.

பச்சை என்றால் காடு இல்லை

பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூடத் தப்புச் செய்யும் இடம் இது. நிலத்தின் உயரத்தைக் காட்டும் மேப்பில் பச்சை என்றால் மரமும் காடும் இல்லை, தாழ்வான சமவெளி. மஞ்சள் அதைவிட உயரம், பழுப்பு இன்னும் உயரம். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஓரத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். சமையல் குறிப்பில் முதலில் "தேவையான பொருட்கள்" படிப்பது போல.

நிறம் புரிந்துவிட்டால் மழையும் புரிந்துவிடும். மேற்குக் கரையோரமாக நீளமாய் ஒரு பழுப்புப் பட்டை தெரிகிறதா? அது மேற்குத் தொடர்ச்சி மலை. ஆனி, ஆடியில் அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று அதில் மோதிக் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி நமக்கு வருவது பெரும்பாலும் வெறும் காற்று. கொடியில் போட்ட துணி பறக்கிறதே, அதுதான். அந்தப் பழுப்புப் பட்டையில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி இருக்கும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் அந்தக் காற்று வீசுவது அந்த வாசல் வழியாகத்தான். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி, வங்கக் கடல் ஈரத்தை நம் பக்கம் கொண்டுவருகிறது. இதையெல்லாம் பத்து வரி நெட்டுருப் போட வேண்டாம். மேப்பில் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

புள்ளிக் கோலமும் பூமி உருண்டையும்

கோலத்தில் "அஞ்சாவது வரிசை, மூணாவது புள்ளி" என்று சொன்னால் உடனே கை வைத்துவிடலாம். பூமியிலும் அப்படித்தான். கிழக்கு மேற்காக ஓடுவது அட்ச ரேகை, வடக்கு தெற்காக ஓடுவது தீர்க்க ரேகை. சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி 8 டிகிரியில். ஒரு டிகிரிக்குத் தோராயமாக 111 கிலோமீட்டர். ஐந்து டிகிரிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 555 என்று சொல்லும். "அப்புறம் ஏம்மா ரயில்ல எழுநூறு கிலோமீட்டருக்கு மேல வருது?" என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள், பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிட்டது! கன்னியாகுமரி சென்னைக்கு நேர் தெற்கே இல்லை, மேற்கே தள்ளி இருக்கிறது. ரயிலும் நேர்கோட்டில் ஓடுவதில்லை.

தீர்க்க ரேகையில் ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். இந்தியாவின் மேற்கு ஓரத்துக்கும் கிழக்கு ஓரத்துக்கும் சுமார் 29 டிகிரி வித்தியாசம். அருணாசலப் பிரதேசத்தில் விடிந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் கோடியில் விடியும். ஆனாலும் கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றே. அது 82½ டிகிரி கிழக்கு ரேகையின் நேரம்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் எப்படிப் போடுகிறார்கள்? ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலைத் தரையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். கிழியும், இல்லாவிட்டால் பிதுங்கும். தட்டையான உலகப் படம் எதுவும் எங்கேயாவது கொஞ்சம் பொய் சொல்லியே ஆக வேண்டும். சுவரில் மாட்டும் சில படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினாலு மடங்கு பெரிது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரிய நாடுதான்!

பரீட்சைக்கு ஒரு யுக்தி

அவுட்லைன் மேப்பில் இடம் குறிக்க, முதலில் கடக ரேகையை லேசாகப் பென்சிலால் போடப் பழக்குங்கள். அகமதாபாத், போபால், ராஞ்சி மூன்றும் அதை ஒட்டியே, சற்றுத் தெற்கே. பிறகு கன்னியாகுமரி, சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி என்று ஐந்து ஊர்கள். இவைதான் ஆணிகள். மற்றதையெல்லாம் இவற்றில் மாட்டிவிடலாம். பெங்களூர் சென்னைக்கு நேர் மேற்கே. ஹைதராபாத் மும்பைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நடுவே. கொல்கத்தா கடலுக்குள் இல்லை. கடலிலிருந்து உள்ளே தள்ளி ஹூக்ளி ஆற்றங்கரையில். நர்மதையும் தபதியும் மேற்கே பார்த்து ஓடி அரபிக் கடலில் சேருகின்றன. "எதுக்குப் பக்கத்திலே எது?" என்று கற்ற பிள்ளைக்கு மறக்காது. தினம் ஒரு ஊர் போதும்; சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் நேரத்தில் கேட்டுவிடலாம்.

செல்போன் இருக்கிறதே?

"இப்போ எல்லாம் போனே வழி சொல்லுதே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். போனில் நீலப் புள்ளி நகர்கிறது, நாம் அதன் பின்னால் போகிறோம். நாம் திரும்பும்போது படமும் கூடவே திரும்பிவிடுவதால், வடக்கு எது என்று யோசிக்கவே வேண்டியிருப்பதில்லை. சார்ஜ் தீர்ந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி! போனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன், "பாட்டி வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லு பார்க்கலாம்" என்று குழந்தையைக் கேட்டுவிட்டு, அப்புறம் போனில் சரி பாருங்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு வழி மேப் போடவும் சொல்லுங்கள். கோயில், மருந்துக் கடை, பஸ் ஸ்டாப், தெரிந்தவர்கள் வீடு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் அதில் வர வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் கை நழுவினாலும், தான் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை சீக்கிரம் நம் கைக்கு வந்து சேரும்.

மார்க்குக்காக மட்டும் அல்ல

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. தாய்லாந்தில் புக்கெட் தீவின் ஒரு கடற்கரை. டில்லி ஸ்மித் என்று ஒரு ஆங்கிலேயச் சிறுமி, பத்து வயசு, அப்பா அம்மாவோடும் தங்கையோடும் லீவுக்கு வந்திருந்தாள். கடல் வழக்கம்போல இல்லை. நுரைத்துப் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பில் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "சுனாமி வரப்போகுது!" என்று அலறினாள். பெற்றோர் அவள் பேச்சைத் தள்ளிவிடாமல் மற்றவர்களிடம் சொல்ல, கடற்கரையில் இருந்த நூறு பேர் வரை அலை வருமுன் ஒதுங்கிவிட்டார்கள். அந்தக் கடற்கரையில் ஓர் உயிரும் போகவில்லை.

அதே காலை நம் கரையில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெரும்பாலோர் சுனாமி என்ற வார்த்தையையே முன்பின் கேட்டதில்லை. நெஞ்சு கனக்கிறது. பூகோளம் என்பது மார்க் வாங்கி மறந்துவிடும் பாடம் இல்லை, சகோதரிகளே. நாம் நிற்கும் மண்ணும் சுற்றியுள்ள தண்ணீரும் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு அது. கடற்கரையில் நிற்கும்போது நிலநடுக்கம் உணர்ந்தால், அல்லது கடல் திடீரென்று உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். இதை ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லி வையுங்கள். மேடு எந்தப் பக்கம் என்று தெரிய, மேப் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழ் வருவதற்குள் செய்ய நாலே வேலை தருகிறேன். ஒன்று, டப்பாத் தெரு. இரண்டு, கட்டம் போட்ட தாளில் வீட்டுப் பிளான். மூன்று, பள்ளிக்கூட வழி மேப். நாலு, ஜன்னல் வெயிலுக்குச் சுவரில் முதல் குறி. தப்பாகப் போட்டால் ரப்பரை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். "மறுபடி நடந்து பார்த்துட்டு வந்து நீயே மாத்து" என்று சொல்லுங்கள். உங்கள் மருமகள் காலத்தில், அந்த வீட்டுத் தலைமுறை யாரும் "எனக்கே மேப் வராது" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போக மாட்டார்கள்.